டிகே-வுக்கு டேப் வந்த கதை

பைத்தானில் டிகின்டர் போட்டு விளையாடியவர்களுக்கு 'நோட்புக்' தெரிந்திருக்கும். ஒரே விண்டோவில் மேலே நாலு டேப், எதைச் சொடுக்கினாலும் அதன் பக்கம் வரும். சில வரிகளில் வேலை முடிந்தது. இது ஆதியிலிருந்தே இருந்தது என்று நினைத்தால் தப்பு.

பெர்க்லி பேராசிரியர் ஜான் ஆஸ்டர்ஹவுட் தன் டிக்கிள் மொழிக்காக எழுதிய டிகே 1991-ல் வெளிவந்தது. பட்டன், லிஸ்ட்பாக்ஸ், ஸ்க்ரோல்பார் எல்லாம் இருந்தன. டேப் மட்டும் இல்லை. விண்டோஸ் 95 வந்து டேப்பை ஊருக்கெல்லாம் பழக்கிய பிறகும் இல்லை!

அதற்காக யாரும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக்கு ஒரு ஃப்ரேம், மேலே வரிசையாகப் பட்டன்கள். ஒன்றை அமுக்கினால் பழைய ஃப்ரேமை 'பேக் ஃபர்கெட்' கட்டளையால் மறைத்துவிட்டு, புதியதை 'பேக்' செய்வார்கள். மறைந்த ஃப்ரேம் அழிவதில்லை, அதில் தட்டி வைத்தது அப்படியே இருக்கும். நல்ல தந்திரம்தான். ஆனால் ஆளுக்கொரு டேப், ஆளுக்கொரு தோற்றம். போதாக்குறைக்கு டிக்ஸ், பிஎல்டி, பிவிட்ஜெட் என்று துணை நூலகங்களும் தனித்தனியே ஒன்று கொடுத்தன. 'டிகே-வா, பழசு' என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

ஜோ இங்லிஷ் முன்னின்று எழுதிய 'டைல்', 2007 டிசம்பரில் டிகே 8.5-க்குள்ளேயே சேர்ந்தது. நோட்புக் அதோடு வந்ததுதான். விண்டோஸில் விண்டோஸ் மாதிரி, மேக்கில் மேக் மாதிரி தோற்றமும் கூடவே கிடைத்தது. பைத்தான் இதை 2009-ல் 3.1 பதிப்பில் எடுத்துக்கொண்டது. டேப்புக்குப் பதில் இடது பக்கம் பட்டன் வரிசை வேண்டும் என்றால், இன்றைக்கும் அந்தப் பழைய ஃப்ரேம் தந்திரம் கைகொடுக்கும்.