நித்தியகல்யாணியும் சுடுகாட்டு மல்லியும்

வாடகை வீடு, ஆறடிக்கு மூன்றடி பால்கனி, காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத் திரும்பும் வேலை. புனேயில் பிழைப்பு நடத்தும் நம்மவர்கள் பலருக்கும் இதுதான் நிலவரம். இந்த லட்சணத்தில், தொட்டியில் வைத்தால் வருஷம் முழுக்கப் பூக்கிற செடி எது என்று கேட்டால், என் ஓட்டு நித்தியகல்யாணிக்குத்தான். சொன்னதும் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். "ஐயே, அது சுடுகாட்டு மல்லியாச்சே!"

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் அதையேதான் சொன்னார். "வீட்டு வாசல்ல வைக்கிற செடியாடா இது?" ஆனால் மேல் மாடியில் இருக்கும் மராத்திப் பாட்டி தினமும் இதே பூவைப் பறித்துப் பிள்ளையாருக்குப் போடுகிறார். இங்கே இதற்கு 'சதாஃபுலி' என்று பெயர். இந்தியில் 'சதாபஹார்', வங்காளத்தில் 'நயன்தாரா'. நாம் மட்டும் ஒரே செடிக்குக் கல்யாணப் பெயரும் சுடுகாட்டுப் பெயரும் வைத்திருக்கிறோம். யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்திலும் ஓயாமல் பூப்பதால்தான் இரண்டு பெயரும் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

இத்தனை உள்ளூர்ப் பெயர் இருந்தாலும் செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. கப்பலேறி உலகம் சுற்றிய செடி இது. பாரிஸ் தோட்டத்திலிருந்து போன விதையை 1750களில் லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தில் பிலிப் மில்லர் வளர்த்தார். 1759இல் லின்னேயஸ் 'வின்கா ரோசியா' என்று பெயர் வைத்தார். பிறகு அது 'கதராந்தஸ்' ஆனது. கிரேக்க மொழியில் 'தூய மலர்' என்று அர்த்தம். நாம் சுடுகாட்டில் விட்டதற்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்!

அசல் கதை 1952இல் ஆரம்பிக்கிறது. ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்கு இந்த இலையைக் கஷாயம் போட்டுக் குடிப்பார்கள். அங்கிருந்து சில இலைகள் கனடாவில் டாக்டர் கிளார்க் நோபிளுக்குத் தபாலில் வந்தன. அவர் அதை வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றினால் எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. ஏன் என்று பார்த்தால், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்து போயிருந்தன.

வேறு யாராவது என்றால் 'மருந்து தேறவில்லை' என்று மூடியிருப்பார்கள். நோபிள் மாற்றி யோசித்தார். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் உடன் சேர்ந்து, இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். 1958இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனியும் தனியாக இதே செடியில் இறங்கியிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். இன்று மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும்போது, வசதியான நாடுகளில் பத்தில் எட்டு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பரின் மகளுக்கும் அந்த வியாதி வந்தது. ஆரம்பத்தில் வாராவாரம் ஒரு ஊசி. மருந்துச் சீட்டில் 'வின்கிறிஸ்டின்' என்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் சிகிச்சை நடந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இதைச் சொன்ன பிறகு அம்மா செடியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சாமிக்கு வைப்பதில்லைதான், ஆனால் தண்ணீர் ஊற்றுகிறார்.

இந்த மருந்துகள் இலையில் மிக மிகக் குறைவு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு அரை டன் காய்ந்த இலை வரை வேண்டும் என்பார்கள். அதனால்தான் இதை வயலிலேயே பயிரிடுகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட நிலங்களிலிருந்து இலையும் வேரும் ஏற்றுமதியாவது பல வருஷத்துப் பழக்கம்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் இலை மெல்லுகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. வேண்டவே வேண்டாம். செடி முழுக்க விஷம். அந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.

சரி, தொட்டிக்கு வருவோம். செவ்வந்தி இரவு நீளும்வரை மொட்டு விடாது. செம்பருத்தி வருஷமெல்லாம் பூக்கும், ஆனால் பெரிய தொட்டி கேட்கும், மாவுப்பூச்சியும் வரும், ஒரு பூ ஒரு நாள்தான். நித்தியகல்யாணிக்குப் பகல் நீளம் பற்றிக் கவலையில்லை. ஒரு பூ சில நாள் நிற்கும், வாடினால் தானே உதிரும்.

எட்டு அங்குலத் தொட்டி போதும், அடியில் ஓட்டை இருக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றும் கலந்து போடுங்கள். விதையை லேசாக மண்ணால் மூடுங்கள், இருட்டில்தான் முளைக்கும். நாலைந்து மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை விட்டுப் படரும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். இந்தச் செடி தாகத்தில் சாவது அபூர்வம், தேங்கிய நீரில் வேரழுகிச் சாவதுதான் அதிகம். ஜூன் மாதம் மழை பிடித்ததும் தொட்டியைச் சாரல் படாத பக்கம் நகர்த்திவிடுங்கள்.

நர்சரியில் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ரயில்வே ஸ்டேஷன் ஓரத்தில் பாருங்கள். மெல்லிய காய் பழுப்பாகி வெடிக்கும் தறுவாயில் இருக்கும். இரண்டு காய் பறித்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டால் போதும்.