குறைந்த செலவில் காரில் தரமான ஒலியமைப்பு: பணத்தை எங்கே செலவிட வேண்டும்?

தொடக்க நிலை கார்களில் நிறுவனமே பொருத்தித் தரும் ஸ்பீக்கர்களின் ஒலி, இசை ஆர்வலர்கள் பலருக்கு நிறைவளிப்பதில்லை. அவர்கள் சென்னை ஜி.பி. சாலை, பெங்களூரு ஜே.சி. சாலை, தில்லி கரோல் பாக் போன்ற கார் உதிரிபாகச் சந்தைகளை நாடுகின்றனர். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட பெரிய வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், செலவு செய்த பின்னரும் ஏமாற்றமே மிஞ்சும். தரமற்ற வயரிங் தீ விபத்துக்கும் வழிவகுக்கலாம். 25 ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல ஒலியமைப்பை உருவாக்க அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

செலவில்லாத முதல் படி

எதையும் வாங்குவதற்கு முன் இருக்கும் அமைப்பைச் சரிசெய்து கேட்க வேண்டும். கைபேசியின் இசைச் செயலியில் ஒலித்தரத்தை உயர்ந்த நிலைக்கு மாற்ற வேண்டும். ஸ்டீரியோவில் பாஸ், டிரெபிள் ஆகியவற்றைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, 'லவுட்னெஸ்' வசதியை நிறுத்த வேண்டும். ஃபேடரைச் சற்று முன்பக்கம் நகர்த்தினால், பாடகரின் குரல் முதுகுக்குப் பின்னால் இருந்து வராமல் முன்னிருந்து கேட்கும். புளூடூத்தில் கேட்ட அதே பாடலை யூ.எஸ்.பி. வழியாகவும் கேட்டு ஒப்பிடலாம். இவற்றுக்குப் பின்னரும் குறை தெரிந்தால் மட்டுமே செலவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாட் கணக்கில் மறைந்திருப்பது என்ன?

'4x50 வாட்' என்று ஸ்டீரியோவின் பெட்டியில் குறிப்பிடப்படுவது கணநேர உச்ச அளவு. தொடர்ந்து வழங்கக்கூடிய திறன் ஆர்.எம்.எஸ். எனப்படுகிறது. என்ஜின் இயங்கும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அந்த அழுத்தத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெளிவாக அனுப்பக்கூடிய திறன், கோட்பாட்டளவிலேயே ஒரு சேனலுக்குச் சுமார் 26 வாட்தான். நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் 20 வாட்டை ஒட்டியே இருக்கும். அதைத் தாண்ட வேண்டுமெனில், உள்ளுக்குள் மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்ளும் தனி ஆம்ப்ளிஃபயர் தேவை.

ஸ்பீக்கரிலும் உச்ச வாட்டைவிட 'சென்சிடிவிட்டி' எண்ணே பயனுள்ளது. இது டெசிபல் அளவில் தரப்படும். ஒரே மின்திறனில் 92 டெசிபல் ஸ்பீக்கர், 89 டெசிபல் ஸ்பீக்கரைவிட 3 டெசிபல் அதிகமாக ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்குவதால் கிடைக்கும் பலனும் அதே 3 டெசிபல்தான். ஆம்ப்ளிஃபயர் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் சென்சிடிவிட்டி அதிகமுள்ள ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது சிக்கனமான வழி.

முன்கதவுகளுக்கே முன்னுரிமை

இசையின் பெரும்பகுதியை ஓட்டுநரும் அருகில் அமர்பவரும் முன் ஸ்பீக்கர்கள் வழியாகவே கேட்கின்றனர். எனவே நான்கு கதவுகளுக்கும் மலிவான ஸ்பீக்கர்கள் வாங்குவதைவிட, முன்கதவுகளுக்கு மட்டும் தரமான ஒரு ஜோடி வாங்குவது நல்லது. ட்வீட்டர் தனியாக உள்ள 'காம்பொனன்ட்' வகையில், உயர் ஒலிகளைக் காதின் மட்டத்துக்கு அருகே கொண்டுவர முடியும். பின்கதவு ஸ்பீக்கர்களை அப்படியே விட்டுவிடலாம்.

பலர் கவனிக்கத் தவறுவது கதவின் நிலை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து இருபுறமும் ஒலி எழுப்புகிறது. பின்புற ஒலி கதவின் திறப்புகள் வழியாகக் கசிந்து முன்புற ஒலியுடன் கலக்கும்போது தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மெல்லிய கதவுத் தகடும் சேர்ந்து அதிர்கிறது. பியூட்டைல் டேம்பிங் ஷீட்டைத் தகட்டில் ஒட்டி, உட்புறத் திறப்புகளை அடைத்து, ஸ்பீக்கரை உறுதியான வளையத்தின் மீது இடைவெளியின்றிப் பொருத்தினால் பாஸ் ஒலி குறிப்பிடத்தக்க அளவு மேம்படும். கதவின் அடிப்பகுதியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. நீர் தேங்கினால் தகடு துருப்பிடிக்கும்.

25 ஆயிரம் ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

ஊருக்கும் தயாரிப்புக்கும் ஏற்ப விலை மாறும் என்றாலும், மாதிரிக்காகப் பின்வருமாறு பிரித்துக்கொள்ளலாம்:

- முன்கதவு காம்பொனன்ட் ஸ்பீக்கர்கள்: 6,000 ரூபாய்
- நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர்: 8,000 ரூபாய்
- பெட்டியுடன் கூடிய சப்வூஃபர்: 4,500 ரூபாய்
- முன்கதவுகளுக்கான டேம்பிங்: 2,500 ரூபாய்
- வயர், ஃபியூஸ், இணைப்பான்கள்: 2,000 ரூபாய்
- பொருத்தும் கூலி: 2,000 ரூபாய்

ஒரே நேரத்தில் முழுத் தொகையும் இல்லாதவர்கள் முதலில் ஸ்பீக்கர், டேம்பிங் ஆகியவற்றைச் செய்து, பின்னர் ஆம்ப்ளிஃபயர், கடைசியாக சப்வூஃபர் என்ற வரிசையைப் பின்பற்றலாம்.

நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரின் இரண்டு சேனல்கள் முன் ஸ்பீக்கர்களுக்கும், மற்ற இரண்டு 'பிரிட்ஜ்' முறையில் இணைக்கப்பட்டு சப்வூஃபருக்கும் பயன்படும். இதனால் இன்னொரு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படாது. ஆனால் பிரிட்ஜ் இணைப்பில் 4 ஓம் சுமை, ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓமாகவே தெரியும். ஆகவே ஆம்ப்ளிஃபயரின் கையேடு குறிப்பிடும் குறைந்தபட்ச ஓம் அளவைப் பார்த்த பிறகே சப்வூஃபர் வாங்க வேண்டும்.

டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள கார்களில் சப்வூஃபர் பெட்டிக்கு இடம் இருக்காது. அத்தகையோருக்கு இருக்கையின் அடியில் வைக்கும் தட்டையான சப்வூஃபர் ஏற்றது. அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் அமைந்திருக்கும். அதிர்வு அதைவிடக் குறைவாக இருந்தாலும் இசைக்குப் போதுமானது.

வயரிங்கில் சிக்கனம் கூடாது

மொத்தம் 240 வாட் வழங்கும், 80 சதவீதத் திறன்மிக்க கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர், முழு வீச்சில் சுமார் 300 வாட்டை பேட்டரியிலிருந்து எடுக்கும். 13.8 வோல்ட்டில் இது ஏறத்தாழ 22 ஆம்பியர். இதற்கு 8 கேஜ் தடிமனுள்ள முழுச் செம்பு வயர் பொருத்தமானது. சந்தையில் விலை குறைவாகக் கிடைப்பவற்றில் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர்களும் உண்டு. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதமே என்பதால், அதே தடிமனில் அவை கூடுதலாகச் சூடேறும். வயரின் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிவது இதற்கான அடையாளம். எனினும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரும் வெளியே வெண்மையாகத் தெரியும். இழையை வெட்டி அதன் நடுப்பகுதியைப் பார்ப்பதே உறுதியான சோதனை.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அன்று, வயரை. உலோகத்தில் உரசி வயரின் உறை கிழிந்தால், ஃபியூஸ் இல்லாத வயர் சில நொடிகளில் பழுக்கக் காய்ந்துவிடும். என்ஜின் பகுதியிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய உலோகப் பரப்பில் இறுக்கிப் பொருத்த வேண்டும். மின்வயர் காரின் ஒரு பக்கமாகவும் ஒலி வயர் மறுபக்கமாகவும் சென்றால், என்ஜின் வேகத்துக்கு ஏற்ப எழும் கீச்சொலியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

உத்தரவாதம், ஏர்பேக்

காரின் வயர்களை வெட்டி இணைத்தால், பின்னர் ஏற்படும் மின்பழுதுகளுக்கு உத்தரவாதம் மறுக்கப்படக்கூடும். அந்தந்த மாடலுக்கான கப்ளர் மூலம் வெட்டாமல் இணைக்குமாறு கடைக்காரரிடம் வலியுறுத்த வேண்டும். தொடுதிரையை மாற்ற முடியாத கார்களில், ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியைப் பெறும் 'ஹை லெவல் இன்புட்' உள்ள ஆம்ப்ளிஃபயர் உதவும். முன்கண்ணாடி ஓரத் தூணில் ட்வீட்டர் பொருத்தும்போது அதனுள் பக்கவாட்டு ஏர்பேக் உள்ளதா என அறிவது அவசியம். மின்சாரக் கார்களில் 12 வோல்ட் துணை பேட்டரியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆரஞ்சு நிற உயரழுத்தக் கேபிள்களை நெருங்கவே கூடாது.

இறுதிச் சீரமைப்பு

ஆம்ப்ளிஃபயரில் உள்ள 'கெயின்' திருகி ஒலியளவைக் கூட்டுவதற்கானது அன்று. ஸ்டீரியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் இசைவாக்குவதற்கானது. ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் பங்கில் வைத்து, ஒலி சிதையத் தொடங்கும் இடம் வரை கெயினை உயர்த்திச் சற்றுக் குறைக்க வேண்டும். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால், அதற்குக் கீழான ஒலிகள் சப்வூஃபருக்கும் மேலானவை கதவு ஸ்பீக்கர்களுக்கும் செல்லும். கதவு ஸ்பீக்கர்கள் சுமை குறைந்து தெளிவாக ஒலிக்கும். சப்வூஃபரின் 'ஃபேஸ்' பொத்தானை இருநிலைகளிலும் மாற்றி, ஓட்டுநர் இருக்கையில் பாஸ் நிறைவாகக் கேட்கும் நிலையைத் தேர்வுசெய்ய வேண்டும்.

எவ்வளவு ஒலி பாதுகாப்பானது?

வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் உயரும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன. கண்ணாடிகளை ஏற்றிய நிலையிலும் ஆம்புலன்ஸின் சைரன் ஓட்டுநரின் காதில் விழ வேண்டும். அந்த அளவில் ஒவ்வொரு இசைக்கருவியும் தனித்தனியே கேட்டால், செலவிட்ட பணம் உரிய பயனைத் தந்துவிட்டது என்று கொள்ளலாம்.