வாகை சூடியோர் இருவர்; களம் ஒன்று

கால்பந்தாட்டத்தில் வெற்றி இரு வகைப்படும். மாதக்கணக்கில் எல்லா அணிகளோடும் ஆடி, புள்ளி புள்ளியாகச் சேர்த்துப் பெறுவது லீக் வெற்றி. தோற்றவர் அன்றே வெளியேற, வென்றவர் மட்டும் படிப்படியாய் மேலேறிப் பெறுவது கோப்பை வெற்றி. முன்னது சிறுகச் சிறுக ஏரி நிறைவது போன்றது. பின்னது ஒரே இரவில் காட்டாறு பெருகுவது போன்றது. பொறுமையால் வென்றவன் பெரியனா, துணிவால் வென்றவன் பெரியனா? இவ்வினாவைத் தீர்க்கவே லீக்கை வென்ற அணியும் கோப்பையை வென்ற அணியும் ஒரே ஓர் ஆட்டத்தில் மோதும் வழக்கம் உண்டாயிற்று. அதனைச் சூப்பர் கோப்பை என்பர்.

இவ்வழக்கத்தின் தாயகம் இங்கிலாந்து. ஆங்கே 1908ஆம் ஆண்டில் ‘சாரிட்டி ஷீல்டு’ என்னும் அறக்கேடயம் நிறுவப்பட்டது. ஆட்ட வருவாய் அறப்பணிகளுக்குச் சென்றமையால் அப்பெயர். முதலாண்டில் மோதியவை லீக் வென்ற மான்செஸ்டர் யுனைடெட்டும், தென்னக லீக்கை வென்ற குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்சும் ஆகும். முதல் ஆட்டம் 1-1 என்று சமனாக, மறு ஆட்டத்தில் மான்செஸ்டர் அணி 4-0 என்று வென்றது. 1921இல்தான் லீக் வென்ற பர்ன்லியும் கோப்பை வென்ற டாட்டன்ஹாமும் எதிர்நின்றன. பின்னர் அதுவே மரபாயிற்று. 2002 முதல் அவ்வாட்டம் ‘கம்யூனிட்டி ஷீல்டு’ எனப் பெயர் பெற்றுள்ளது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அகில இந்தியக் கழகங்களுக்கான பெடரேஷன் கோப்பை 1977இல் தொடங்கியது. அம்முதற் கோப்பையை வென்றது எந்த அணி தெரியுமா? கல்கத்தாவின் புகழ்பெற்ற மோகன் பகானை இறுதியாட்டத்தில் வீழ்த்திய பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலை அணியே அது! ஆயினும், அவ்வணியை எதிர்க்க ஒரு லீக் வெற்றியாளர் அன்று இல்லை. தேசிய லீக் பிறந்ததே 19 ஆண்டுகள் கழித்து, 1996இல்தான். அதன் முதற்பட்டத்தைப் பஞ்சாபின் ஜே.சி.டி. அணி பெற்றது. 1997இல் அவ்வணியும் பெடரேஷன் கோப்பையைக் கைக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலும் முதற் சூப்பர் கோப்பைக்காக மோத, ஈஸ்ட் பெங்கால் வென்றது. இடையிடையே தடைப்பட்டும், கல்கத்தா, கோவா அணிகளே பெரிதும் மேலோங்கியும் நடந்த இவ்வாட்டம் 2011இல் நின்றுபோயிற்று. கடைசிக் கோப்பையும் ஈஸ்ட் பெங்காலுக்கே சென்றது.

இங்கேதான் விதியின் விளையாட்டைக் காண்கிறோம். 2013இல் பெங்களூரு எப்.சி. என்னும் புதிய கழகம் தோன்றியது. பிறந்த முதற்பருவத்திலேயே, 2014இல், லீக் பட்டத்தை வென்றது. அவ்வாண்டுக் கோப்பை கோவாவின் சர்ச்சில் பிரதர்சிடம் இருந்தது. 2015இல் பெங்களூரு கோப்பையை வென்றது. லீக்கை மோகன் பகான் வென்றது. அதுவும் எப்படி? மே 31 அன்று பெங்களூர்க் கண்டீரவ அரங்கிலேயே, 87ஆம் நிமிடத்தில் அடித்த கோலால் ஆட்டத்தைச் சமன் செய்து பட்டத்தைக் கொண்டு சென்றது! 2016இல் லீக் பெங்களூருக்கு, கோப்பை மோகன் பகானுக்கு. 2017இல் லீக் மிசோரத்தின் ஐசால் அணிக்கு, கோப்பை பெங்களூருக்கு. ஆக, பழைய முறை தொடர்ந்திருப்பின், 4 ஆண்டுகள் இடைவிடாமல் நம் மாநிலத்து அணி அந்த ஒற்றை ஆட்டத்தில் நின்றிருக்கும். 1977இல் கோப்பை இருந்தது, லீக் இல்லை. இப்போதோ லீக்கும் இருந்தது, கோப்பையும் இருந்தது, இரண்டையும் இணைக்கும் ஆட்டம் இல்லை!

2018இல் சூப்பர் கோப்பை என்னும் பெயர் மீண்டது. ஆனால், பல அணிகள் ஆடித் தோற்றோர் விலகும் போட்டியாக உருமாறி மீண்டது. புவனேசுவரத்தில் நடந்த அதன் முதல் இறுதியாட்டத்தில் பெங்களூரு, ஈஸ்ட் பெங்காலை 4-1 என்று வென்றது.

மறு ஆண்டு நிகழ்ந்ததோ நமக்கு இன்னும் நெருக்கமானது. அக்காலத்தில் நாட்டில் இரு லீக்குகள் அருகருகே நடந்தன. 2018-19ஆம் பருவத்தில் ஐ-லீக் பட்டத்தைக் கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பெற்றது. இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தைப் பெங்களூரு பெற்றது. 2019 ஏப்ரலில் புவனேசுவரத்தில், சூப்பர் கோப்பையின் காலிறுதியில் இவ்விரு வாகையரும் நேருக்கு நேர் நின்றனர். சென்னை சிட்டி 2-1 என்று வென்றது.

அன்று நாம் யாருக்காகக் கைதட்டியிருக்க வேண்டும்? பிறந்தகம் ஒருபுறம், வாழ்வளித்த புகுந்தகம் மறுபுறம். வீட்டிலே தமிழும் வீதியிலே கன்னடமும் பேசி வளரும் நம் குழந்தைகள் பெங்களூருவின் நீலக்கொடியை ஏந்தினால் நாம் வருந்தலாமா? 1991ஆம் ஆண்டின் இறுதியில் காவிரி நீர்ப்பூசல் கலவரமாக மூண்டபோது இம்மாநிலத் தமிழ்க் குடும்பங்கள் கொண்ட அச்சத்தை நாம் மறந்தோமில்லை. அப்போது எப்பக்கம் நிற்கிறாய் என்னும் கேள்வியே அபாயமாக இருந்தது. ஆட்டக்களத்திலோ அதே கேள்வி இன்பமாகி விடுகிறது. 90 நிமிடம் எதிர்த்து நிற்கலாம்; ஊதல் ஒலித்ததும் கைகுலுக்கலாம். தோற்றவரின் ஊரில் வென்றவரின் உறவினர் அச்சமின்றி வாழலாம்.

‘மைசூர்’ என்னும் பெயர் தாங்கிய மாநில அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய பருவங்களில் சந்தோஷ் கோப்பையை வென்றது. அதன்பின் 54 ஆண்டுகள் காத்திருந்து, 2023இல் ரியாத் நகரில் மேகாலயத்தை 3-2 என்று வென்று, கர்நாடகம் என்னும் பெயரில் அக்கோப்பையை மீட்டது. அவ்வெற்றி மைசூரில் வாழும் நமக்கும் உரியதே. லீக்கைப் போன்று பொறுமையோடு இம்மண்ணில் வேரூன்றினோம். கோப்பையைப் போன்று துணிவோடு ஊர்விட்டு வந்தோம். இரண்டு வெற்றியும் நம்மிடம் உள்ளன. அவற்றில் எது பெரிது என்று முடிவு கட்டும் ஆட்டம் நமக்கு வேண்டுவதில்லை.