நோட்ஸ் – டோமினோ செயலி உருவாக்கம் கற்றல்

அலுவலகத்தின் மின்னஞ்சல், நாட்காட்டி, கோப்புகள், ஒப்புதல்கள் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் நடத்தும் மென்பொருள் நோட்ஸ். அதன் சர்வருக்குப் பெயர் டோமினோ. 1989 டிசம்பரில் லோட்டஸ் நிறுவனம் நோட்ஸை வெளியிட்டது. 1995இல் ஐ.பி.எம். கைக்கும், 2019இல் எச்.சி.எல். கைக்கும் மாறியது. வாங்கிய நிறுவனம் தனக்கு வேண்டிய செயலிகளைத் தானே அதன்மேல் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரும்பலம். கட்டத் தெரிந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால், கல்லூரிப் பாடத்திட்டத்திலிருந்து வந்தவர்கள் மிகக் குறைவு. வேலையில் சேர்ந்த பிறகு, முன்னே இருந்தவர் எழுதி வைத்ததைத் திறந்து பார்த்துக் கற்றவர்களே பெரும்பாலோர்.

தோற்றம்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்றொரு கணினிவழிக் கல்வி அமைப்பு இருந்தது. 1973இல் டேவிட் வூலி என்ற பதினேழு வயது மாணவர், பிழைகளைப் பதிவு செய்து பதில் எழுதிக்கொள்ள அதில் ஒரு நிரல் எழுதினார். அதுவே பிளேட்டோ நோட்ஸ். அந்த வளாகத்தில் படித்த ரே ஆஸி, 1984 டிசம்பரில் ஐரிஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, லோட்டஸ் கொடுத்த பணத்தில் ஐந்து ஆண்டுகள் உழைத்து நோட்ஸை உருவாக்கினார். முதல் பதிப்பைச் சில்லறையாக வாங்க முடியாது. 200 உரிமங்கள் சேர்ந்து 62,500 டாலர். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற தணிக்கை நிறுவனம் 10,000 பிரதிகள் வாங்கியது. தனி ஆள் வீட்டில் வைத்துப் பழகும் பொருளாக இது தொடக்கத்திலேயே இருக்கவில்லை. அலுவலகத்துக்குள் இருந்தால்தான் கற்க முடியும் என்ற நிலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

கற்ற விதம்

நோட்ஸில் ஒரு செயலி என்பது ஒற்றைக் கோப்பு. படிவம், பட்டியல், நிரல், தரவு, யாருக்கு என்ன அனுமதி என்ற விவரம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். உரிய அனுமதி உள்ளவர் அதை டிசைனர் என்ற உருவாக்கக் கருவியில் திறந்தால், எழுதியவர் என்ன செய்தார் என்பது வரிவரியாகத் தெரியும். கற்றலின் பெரும்பகுதி இதில்தான் நடந்தது. லீவு விண்ணப்பச் செயலி ஒன்றை நகலெடுத்து, பெயர்களை மாற்றி, கொள்முதல் இன்டென்ட் செயலியாக்குவது புதியவருக்குக் கொடுக்கும் முதல் வேலை. அதை மாற்றிக் கேட் பாஸ் செயலி செய்வது அடுத்தது. வேலை கெட்டால் தெரியும்; கெடாவிட்டால் கற்றாயிற்று.

மொழிகள் மூன்று அடுக்காக வந்தன. முதலில் ஃபார்முலா. அலுவலக விரிதாளில் கணக்குப் போடத் தெரிந்த எவரும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளக்கூடியது. 1996இல் நான்காம் பதிப்போடு லோட்டஸ்ஸ்கிரிப்ட் வந்தது. விஷுவல் பேசிக் தெரிந்தவர்களுக்கு அது பழகிய நடை. அதே ஆண்டு இறுதியில் சர்வருக்கு டோமினோ என்ற பெயரும், வலைப்பக்கமாகவே செயலியைத் திறக்கும் வசதியும் வந்தன. ஜாவாவும் உள்ளே நுழைந்தது. 2009இல் 8.5 பதிப்பு எக்ஸ்பேஜஸ் என்ற புதிய முறையைக் கொண்டுவந்தபோது பழையவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அதுவரை கற்றதில் பாதி அதற்கு உதவவில்லை.

மொழி கற்பதைவிடக் கடினமானது, மனத்தில் படிந்ததை விடுவது. ஃபாக்ஸ்புரோவோ ஆரக்கிளோ படித்து வந்தவர் தரவை அட்டவணைகளாகப் பிரித்து, தேவையானபோது இணைப்பார். நோட்ஸில் அட்டவணையே கிடையாது. எல்லாம் தனித்தனி ஆவணம். ஒரே அலுவலருடைய பெயர் நூறு ஆவணங்களில் நூறு முறை எழுதப்பட்டிருக்கும். அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போனவர் நேரத்தை வீணாக்கியவர். வேறு பட்டியலிலிருந்து மதிப்பை எடுத்துவரும் ஃபார்முலாவுக்கு 64 கே.பி. என்ற எல்லை உண்டு. செயலி சிறிதாக இருக்கும்போது அது வெளிப்படாது. இரண்டு வருடம் கழித்துத் தரவு பெருகிய பிறகு, எழுதியவர் வேறு வேலைக்குப் போன பின், ஒரு காலையில் படிவம் திறக்க மறுக்கும்.

இன்னொரு பாடம் வாசகர் புலம். ஓர் ஆவணத்தை யார் யார் பார்க்கலாம் என்று பெயர் எழுதி வைக்கும் இடம் அது. சம்பள உயர்வுப் படிவத்தில் ஊழியர், மேலாளர் ஆகிய இருவர் பெயரை மட்டும் எழுதி, சர்வரின் பெயரை விட்டுவிட்டால், அந்த ஆவணத்தைச் சர்வராலேயே காண முடியாது. மற்றக் கிளைகளுக்கு அது போகவே போகாது. நிர்வாகிக்கும் சாதாரணமாகத் தெரியாது. தொலைந்துபோனது என்று எல்லோரும் தேடுவார்கள். அது இருக்கும் இடத்திலேயே பத்திரமாக இருக்கும். இந்தத் தளத்தில் தேர்ந்தவர் என்றால், இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர் என்று கொள்ளலாம்.

கற்றல் இப்படி அலுவலக வேலையின் ஊடே நடந்ததால்தான் சிறந்த நோட்ஸ் நிரலாளர்கள் எல்லோரும் கணினி படித்தவர்களாக இல்லை. ஸ்டோர்ஸில் இருந்தவர், அக்கவுன்ட்ஸில் இருந்தவர், மேலாளரின் செயலாளர் என்று வந்தவர்களுக்குக் காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும், எங்கே தேங்கும் என்பது ஏற்கெனவே தெரியும். பொறியியல் படித்தவர் ஃபார்முலாவை விரைவில் கற்றார். அலுவலகத்தைக் கற்க அவருக்கு நாளாயிற்று.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15இல்தான் தொடங்கியது. அதன் பிறகும் பல ஆண்டுகள் இணைப்பு மெதுவானது, விலை கூடியது. நோட்ஸின் பிரதியாக்க முறை இந்தச் சூழலுக்குப் பொருந்தி வந்தது. சென்னைத் தலைமை அலுவலகமும் கிளைகளும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு, இரவில் ஒருமுறை தொலைபேசிக் கம்பி வழியே மாறியதை மட்டும் பரிமாறிக்கொள்ளும். இரு கிளைகளில் ஒரே ஆவணத்தை இருவர் திருத்திவிட்டால் மறுநாள் முரண் ஆவணம் ஒன்று முளைக்கும். அதை எப்படித் தீர்ப்பது என்பதே அக்கால நேர்காணல்களுக்குப் பொருத்தமான கேள்வி.

1990களின் பிற்பாதியில் தமிழகமெங்கும் கிளைவிட்ட என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், எஸ்.எஸ்.ஐ. போன்ற பயிற்சி நிறுவனங்களின் கூட்டம் சி++, ஜாவா, ஆரக்கிள் பக்கம்தான் சாய்ந்தது. நோட்ஸுக்கென்று லோட்டஸ் நடத்திய சான்றிதழ்த் தேர்வுகள் இருந்தாலும், கட்டணம் வேலைக்குப் போனவர்கள் மட்டுமே கட்டக்கூடியது. டி.சி.எஸ். போன்ற பெரிய நிறுவனங்களின் உள் அஞ்சல் நீண்ட காலம் நோட்ஸில் ஓடியது. அங்கே சேர்ந்த மதுரை, நெல்லைப் பிள்ளைகள் முதல் நாள் அந்த மஞ்சள் சின்னத்தைச் சொடுக்கியபோதுதான் இப்படி ஒரு பொருள் இருப்பதையே அறிந்தார்கள். ஐ.பி.எம். இலவசமாகக் கொடுத்த ரெட்புக் நூல்கள் அவர்களுக்குப் பாடநூல்களாயின. டிசைனர் மென்பொருளே இலவசமானது 2009இல். அதற்குள் அலை திரும்பியிருந்தது.

ஷேர்பாயின்டின் வருகை

மைக்ரோசாஃப்டின் போட்டித் தளமான ஷேர்பாயின்ட் 2001இல் வந்தது, 2007 பதிப்பில் வேரூன்றியது. நோட்ஸ் செயலிகளை அதற்கு மாற்றித் தருவதே இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு பெருந்தொழிலாயிற்று. பழைய தளத்தைப் படிக்கத் தெரிந்தவர், புதிய தளத்தில் எழுதத் தெரிந்தவர் என்று இருவகையினரும் ஒரே ப்ராஜெக்டில் உட்கார்ந்தார்கள். ரே ஆஸியும் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார்: அவர் அடுத்துத் தொடங்கிய குரூவ் நிறுவனத்தை 2005இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது; மறு ஆண்டு பில் கேட்ஸிடமிருந்து தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர் பொறுப்பு அவருக்கு வந்தது.

வீட்டில் இருந்தபடி கற்க நினைப்பவருக்கு ஷேர்பாயின்டும் இரக்கம் காட்டவில்லை. 2013 பதிப்பை எல்லாச் சேவைகளோடும் ஒரே கணினியில் நிறுவ 24 ஜி.பி. நினைவகம் கேட்டது. கல்லூரி ஆய்வகங்களிலேயே அப்போது அது அபூர்வம். மேகக்கணிக்கு மாறிய பிறகு இலவசப் பயிற்சிக் கணக்குகள் கொஞ்ச காலம் தாராளமாகக் கிடைத்தன. 2024இல் அந்தக் கதவும் பெரும்பாலும் சாத்தப்பட்டது. கற்ற கருவிகளும் நிலைக்கவில்லை. படிவம் செய்ய இன்ஃபோபாத், ஒப்புதல் ஓட்டத்துக்கு ஷேர்பாயின்ட் டிசைனர் என்று கற்றவர்கள், 2017இல் ஷேர்பாயின்ட் ஃபிரேம்வொர்க் வந்ததும் டைப்ஸ்கிரிப்டையும் ரியாக்டையும் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

ஸோகோ

தமிழ்நாட்டில் பிறந்த மாற்றும் ஒன்று உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009இல் பெயர் மாறிய ஸோகோ, 2006இல் கிரியேட்டர் என்ற செயலி உருவாக்கத் தளத்தை வெளியிட்டது. அதன் நிரல்மொழி டெலூஜ். ஸோகோ தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பட்டம் கேட்காமல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011இல் நிறுவனத்தின் அலுவலகம் வந்தது. நோட்ஸ் கற்றலில் தற்செயலாக நடந்ததை, அதாவது பட்டத்தைவிட வேலையருகில் இருப்பது முக்கியம் என்பதை, இந்தப் பள்ளி திட்டமிட்டே செய்தது.

அவனியாபுரமும் எச்.சி.எல்.லும்

2018 டிசம்பரில் ஐ.பி.எம்.மின் ஏழு மென்பொருள்களை 180 கோடி டாலருக்கு வாங்குவதாக எச்.சி.எல். அறிவித்தது, நோட்ஸும் டோமினோவும் அவற்றில் அடக்கம். எச்.சி.எல். நிறுவனர் சிவ நாடார் தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் புகுமுக வகுப்புப் படித்தவர். மாசசூசெட்ஸில் பிறந்த மென்பொருள் இப்படி மதுரையில் படித்தவரின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது.

மதுரையில் எச்.சி.எல். வளாகம் பாண்டி கோயில் ரிங் ரோட்டில், இலந்தைக்குளம் எல்காட் பூங்காவில் இருக்கிறது. விமான நிலையப் பாதையில் உள்ள அவனியாபுரத்திலிருந்து விரகனூர் வழியாக ரிங் ரோட்டிலேயே அங்கு போய்விடலாம். 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த அவனியாபுரத்தை வெளியுலகம் தை முதல் நாள் ஜல்லிக்கட்டால் அறியும். ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருப்பரங்குன்றத்தில் 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியும் எட்டும் தூரம்தான். கணினி வேலை என்றாலே சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுவது என்ற பழக்கம் இந்தப் பூங்காவால் ஓரளவு தளர்ந்தது. பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து ஒரு வருடம் பயிற்றி வேலை கொடுத்து, கூடவே பட்டப்படிப்புக்கும் வழிசெய்யும் டெக்பீ திட்டத்தை எச்.சி.எல். நடத்துகிறது. 2022 மார்ச் 1இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியே, சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற தளங்களில் செயலி கட்டும் பயிற்சி பொறியியல் மாணவர்களுக்குப் பாடவேளைக்குள்ளேயே வந்தது. நோட்ஸ் காலத்து மாணவருக்கு இது கிடைக்கவில்லை.

இன்றைய நிலை

எச்.சி.எல். 2019 இறுதியில் 11ஆம் பதிப்பையும், 2021இல் 12ஆம் பதிப்பையும், 13 என்ற எண்ணைத் தாண்டி 2023 டிசம்பரில் 14ஆம் பதிப்பையும் வெளியிட்டது. நிரல் எழுதாமல் உலாவியில் இழுத்துப் போட்டுச் செயலி செய்யும் வசதி 2020இல் டோமினோ வோல்ட் என்ற பெயரில் வந்து, பிறகு லீப் ஆனது. ஆவணங்களாகத் தரவைச் சேமிக்கும் யோசனை வெளியிலும் பரவியது: நோட்ஸில் வேலை செய்த டேமியன் காட்ஸ் 2005இல் தொடங்கிய கவுச்டிபி அதன் நேர் வாரிசு.

1990களில் எழுதிய செயலிகள் புதிய பதிப்புகளிலும் பெரும்பாலும் அப்படியே திறக்கின்றன. ஆகவே இன்று இந்தத் துறைக்குள் வரும் இளைஞர் முதலில் எழுதுவதில்லை, வாசிக்கிறார். குறிப்புரை ஏதுமில்லாத இருபத்தைந்து வருடப் பழைய லோட்டஸ்ஸ்கிரிப்ட், ஓய்வு பெற்ற ஒருவரின் பெயர் இன்னும் ஒப்புதல் பட்டியலில், எதற்கு என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு புலம். எடுத்தால் என்ன உடையும் என்று அறிய, ஒரு பிரதியில் எடுத்துப் பார்ப்பதிலிருந்து அவருடைய பயிற்சி தொடங்குகிறது.