அரைப்பேர்

கார்த்திகையில் மழை விட்ட இரவொன்றில், இரத்தினபுரித் தோட்டத்து லயத்து வாசலில் நின்று வடவானை நோக்கினால் மங்கலான புகைத்திட்டு ஒன்றைக் காண்கிறோம். 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்திரொமீடா என்னும் சுருள் விண்மீன் மண்டலம் அது. அதுவும் நமது பால்வீதியும் ஈர்ப்பினால் ஒன்றையொன்று இழுக்கும் ஒரே கூட்டத்தின் உறுப்பினர்.

1923இல் ஹபிள் அதனுள் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டு, அது பால்வீதிக்கு அப்பாலுள்ளதென நிறுவினார். அவருக்கு அளவுகோல் தந்தவர் யார்? ஹார்வார்ட் வானாய்வகத்தில் மணிக்கு 30 சதக் கூலிக்கு ஒளிப்படத் தட்டுகளை ஆராய்ந்த ஹென்றியெற்றா லெவிற். ஒளி கூடிக் குறையும் காலம் நீண்டால் விண்மீனின் ஒளிர்வும் மிகும் என்ற அவரது 1912ஆம் ஆண்டு முடிவு, இயக்குநர் பிக்கரிங்கின் பெயரிலேயே வெளிவந்தது. 1921இல் அவர் மறைந்தார்.

கொழுந்தின் நிறை குறைந்தால் நம் தாய்மாருக்குச் செக்றோலில் விழுவது அரைப்பேர். லெவிற்றின் உழைப்போ நிறை குறையாதது. எனினும் வரலாறு அவருக்கு இட்டதும் அரைப்பேரே. மாணவருக்கு அந்திரொமீடாவைக் காட்டும்போது நாம் முழுப்பேராக எழுதுவோம்.