பாரியின் பறம்பு

முல்லைக்குத் தேர் ஈந்தவன் பாரி என்று பள்ளிச் சிறுவர்க்கு நாம் பாடம் சொல்லுகிறோம். அந்த வள்ளலின் மலை எது, அம்மலை மக்கள் எதை உண்டு வாழ்ந்தனர் என்பதைச் சொல்லுகிறோமா? இல்லை!

காரைக்குடிக்கு வடமேற்கே, சிங்கம்புணரி வட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் பிரான்மலையே பாரியின் பறம்பு என்பர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி; கண்மாய் நிறைந்தால் சோறு, வறண்டால் பஞ்சம். மலையோ வேறு. மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களுக்குச் சொன்ன மறுமொழி, புறநானூற்றின் 109ஆம் பாட்டு. உழவர் உழாமல் விளைவன நான்கு இங்குண்டு என்று கணக்குக் காட்டுகிறார் புலவர்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். சுனைகளுக்கும் குறைவில்லையாம்.

இது வெறும் புகழுரை அன்று, பொருளியல்! உணவை அடைத்துப் பகைவனைப் பணியவைப்பதே முற்றுகை. வயலை மட்டும் நம்பிய கோட்டை அதில் வாடும். நீரும் உணவும் தன்னகத்தே கொண்ட மலை எளிதில் வாடாது. பாரி மாண்டான், உண்மை. ஆனால் மூன்று முடிகள் ஒன்றுகூடி வரவேண்டியிருந்தது, ஒரு குன்றின் தலைவனை வெல்ல!

பறம்பு நாட்டின் ஊர்கள் 300; அவை யாவும் பரிசிலர் கைக்குப் போயின என்கிறது 110ஆம் பாட்டு. கொடுத்தவன் பெயர் நிலைத்தது, பெற்றவர் பாட்டு நிலைத்தது. ஊரோடு கைமாறிய உழவனின் பெயர் எங்கே?

காலம் மாறிற்று. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடியபோது இது கொடுங்குன்றம், பின்னர் பிரான்மலை. பாரியின் மலை பிரானின் மலையாயிற்று! 13ஆம் நூற்றாண்டில் ஐந்நூற்றுவர் எனும் வணிகர் குழுவினர், மிளகு, பாக்கு, இரும்பு, நூல், மெழுகு முதலிய சரக்குகளின் மேல் கோயிலுக்கு மகமை விதித்து, அதைக் கல்லில் பொறித்தனர். மூட்டைக்குக் கணக்குண்டு, சுமந்த தோளுக்குப் பெயரில்லை.

இன்று அடிவாரத்தில் சிவன் கோயில். உச்சியில் இசுலாமியப் பெரியார் ஒருவரின் தர்கா. இரண்டையும் தாங்குவது ஒரே மலை. மதம் கேட்டு மழை பெய்வதில்லை. சாதி கேட்டுச் சுனை சுரப்பதில்லை.

ஆகவே, தேரோடு நிறுத்தாமல், மலையையும் சேர்த்துக் கற்பிப்போம். காட்டைக் காப்பதும் கண்மாயைத் தூர்வாருவதும் பாரிக்குச் செய்யும் சிறப்பு. முல்லைக்கு இரங்கியவனைப் போற்றும் நாடு, முதலில் மனிதனுக்கு இரங்கட்டும்!