அறபி பாஷா விட்டுச் சென்றவை

1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய எகிப்தியர் எழுவரும் தோற்றுப்போனவர்கள். நாடுகடத்தப்பட்ட அந்த எழுவரின் தலைவர் அஹ்மத் உறாபி; இங்குள்ளோர் வாயிலே அறபி பாஷா.

குடியானவர் வழிவந்து கேணலாக உயர்ந்தவர் அவர். எகிப்தின் கருவூலத்தைக் கடனுக்காகப் பிரித்தானியாவும் பிரான்சும் கண்காணித்தன. படையின் உயர்பதவிகளோ துருக்கிய, சேர்க்காசிய வம்சத்தார் கையில். 1881 செப்டெம்பர் 9இல் பாஷா படைகளோடு அப்தீன் மாளிகை முன்றிலில் நின்று, அமைச்சரவையை மாற்றுக, நாடாளுமன்றத்தைக் கூட்டுக என்று மன்னர் தௌபீக்கிடம் கேட்டார். மறு செப்டெம்பரில் தெல்-எல்-கபீர்ப் போரோடு யாவும் முடிந்தன. அன்று புகுந்த பிரித்தானியப் படை வெளியேற 1956 ஆயிற்று. கிளர்ச்சியின் முதற் பெறுபேறு அதுதான், மறைத்துப் பேசலாகாது.

இங்கே 1892இல் சித்திலெப்பை முதலானோர் மருதானையில் பாடசாலை தொடங்கியபோது பாஷா ஊக்கமளித்தார். அது பின்னர் சாஹிறாக் கல்லூரி ஆயிற்று.

தமிழாசிரியனாகிய என் மனம் நிற்பது அவருடன் வந்த மஹ்மூத் சாமி அல்-பாரூதியிடம். 1882இல் எகிப்தின் பிரதமர். பழைய அறபுச் செய்யுளின் மிடுக்கை மீட்டெடுத்த கவிஞர். இலங்கையில் இருக்கையிலேதான் மனைவி இறந்த செய்தி அவரை எட்டியது. அப்போது பாடிய இரங்கற்பா அவருடைய சிறந்த பாடல்களுள் ஒன்று. தொலைதேசத்திலே மரணச் செய்தி கேட்பது எத்தகையதென்று நம்மவர்க்கு விளக்க வேண்டுமா? பார்வை மங்கியே அவர் தாயகம் மீண்டார்.

1901இல் பாஷா திரும்பியபோது வரவேற்பு இனிக்கவில்லை. பாரூதி திறந்த வழியிலே வளர்ந்த அரண்மனைக் கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை எள்ளிப் பாடினார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் அதே ஷவ்கியையும் பிரித்தானியர் ஸ்பெயினுக்கு நாடுகடத்தியது வேறு கதை!

1919 எழுச்சியின் தலைவர் ஸஃத் ஸக்லூல், இளமையில் பாஷாவின் இயக்கத்தோடு தொடர்புற்றவர். 1952இல் முடியாட்சியைக் கவிழ்த்த நாசர் முதலான அதிகாரிகளுக்கு ஒரு முன்னோடி வேண்டியிருந்தது; பாஷாவின் பெயர் மீண்டும் ஒளிபெற்றது. ஆயினும், அவர்கள் எடுத்துக்கொண்டது அவரது சீருடையை. அவர் கேட்ட நாடாளுமன்றத்தை அல்ல என்பேன். 1953இல் அரசியற் கட்சிகள் கலைக்கப்பட்டன.

அப்தீனிலிருந்து நடந்துபோகும் தூரந்தான் தஹ்ரீர் சதுக்கம். 2011இல் அங்கு திரண்டோர், படையும் மக்களும் ஒரே கை என்று முழங்கினர். 2013 ஜூலையில் மக்களின் பேரைச் சொல்லியே படை, தேர்தலில் வென்ற ஜனாதிபதி முர்சியை அகற்றியது.